கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் இஞ்ச் டேப்

மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டியும், தாம்பரம், எழும்பூர், சென்ட்ரல் என்று ரயிலடி எங்கிலும் பெண்களுக்குத் துணி விற்கும் அண்ணாச்சிமார்களுக்கும், அந்தக் கடைகளில் நின்று துணி எடுத்துக் காட்டும் தங்கைகளுக்கும்,



மாலை ஆறே முக்கால். தி. நகரில் வேலை முடித்த ஒரு பெண், ரங்கநாதன் தெரு வழியாக மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடக்கிறார். வீடு தாம்பரம் தாண்டிக் கூடுவாஞ்சேரியில். தாம்பரம் வண்டிகள் அடுக்கடுக்காக வரும். செங்கல்பட்டு வண்டி அப்படி வராது. ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான். அவர் கையில் இருப்பது பன்னிரண்டு நிமிடம். ஆபீசுக்குப் போட்டுப் போகிற டாப்ஸ் இரண்டும் கக்கத்தில் விட்டுவிட்டன. புதிதாக ஒன்று வேண்டும்.

ஸ்டேஷனை ஒட்டிய ஒரு கடையில் மெரூன் நிற டாப்ஸ் தொங்குகிறது. கழுத்துக்குப் பின்னால் 40 என்று சீட்டு. தோளோடு தோள் வைத்துப் பார்க்கிறார். "கரெக்டா இருக்கும்க்கா" என்கிறார் கடைப் பெண். கை இல்லையே என்றால், "உள்ள பின் பண்ணி வச்சிருக்கு, தெச்சுக்கலாம்." விலை 350 ரூபாய். ஸ்கேன் செய்தாயிற்று, பை கைக்கு வந்தாயிற்று. பில் வரவில்லை, கேட்க நேரமும் இல்லை. படியேறி ஓடி வண்டியைப் பிடித்துவிட்டார்.

வீட்டு வேலையெல்லாம் முடித்து ஒன்பதரைக்கு பீரோ கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்க்கிறார். தலை நுழைகிறது, தோள் நுழைகிறது, மார்புக்குக் கீழே இறங்க மறுக்கிறது. தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து, டாப்ஸைக் கட்டிலில் விரித்து, கக்கத்துக்குக் கக்கம் அளக்கிறார். பதினெட்டரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 37. சீட்டில் 40. உள்ளே பின் செய்திருந்த கைத்துணியும் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் மாலை அதே கடைக்குக் கொண்டுபோகிறார். "எக்ஸ்சேஞ்ச் கிடையாதுக்கா, போர்டு பாருங்க."

மின்சார ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால், முடிப்பதற்குள் எதிர் சீட்டிலிருந்து இன்னொன்று வரும். ஒரே அலசலில் பக்கெட் தண்ணீரையே நீலமாக்கிய நைட்டி, கடை விளக்கில் பொருந்தி வெயிலில் பொருந்தாமல் போன ஜாக்கெட் பிட், ஜிப் வைத்த இடத்தில் தையலே விழாத ஃபீடிங் நைட்டி. சொல்கிறவர்கள் கோபமாகச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். ரயிலடியில் எடுத்தால் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டுவிட்ட குரல் அது. இந்த மடல் அந்தக் குரலைக் கேட்டு எழுதப்படுவது.

உங்கள் கடைகளை வளர்த்தவர்களே இவர்கள்தான். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, தண்டவாளத்துக்குக் கிழக்கே தியாகராய நகர் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. ஏரி இருந்த நிலத்தைத் தூர்த்து 1920களில் உருவான நகர். நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. வீடுகளாக இருந்த ரங்கநாதன் தெரு கடைத்தெருவாக மாறியதற்கு, தெருவின் ஒரு முனையில் ஸ்டேஷன் இருந்தது பெரிய காரணம். ரயிலில் இறங்கியவர்கள் அந்தத் தெருவழியாக நடந்தார்கள். நடந்தவர்களை நம்பிக் கடைகள் வந்தன. 2023 மே மாதம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்த பிறகும், துணி வேண்டும் என்கிறவர்கள் படியிறங்கி உங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

ஆனால் இவர்கள் முகூர்த்தப் புடவை எடுக்க வரும் கூட்டத்தைப் போன்றவர்கள் அல்லர். அந்தக் குடும்பம் காலையில் வந்து, நாலு கடை ஏறி இறங்கி, பாய் விரித்து உட்கார்ந்து நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லும். ரயிலடியில் துணி எடுக்கும் பெண்ணுக்கு உட்கார இடமில்லை, போட்டுப் பார்க்க அறையில்லை, யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நேரமில்லை. வீடு இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திரும்ப வருவதென்றால் இன்னொரு மாலைப் பொழுது போய்விடும். கடைக்காரர் சொல்லும் சொல்லும், கழுத்துச் சீட்டில் இருக்கும் எண்ணும்தான் அவருக்கு ட்ரையல் ரூம். அந்த எண் பொய்யானால் அவருக்கு வேறு துணை கிடையாது.

அதனால் முதல் வேண்டுகோள் ஓர் இஞ்ச் டேப். கல்லாவுக்குப் பக்கத்தில், கையெட்டும் இடத்தில், ஓர் ஆணியில் தொங்கட்டும். வாங்குகிறவர் கேட்காமலே எடுத்து அளக்கும்படி இருக்கட்டும். தையற்கடை டேப்பின் விலை உங்களுக்குத் தெரியும். ஒரு டாப்ஸில் நீங்கள் வைக்கும் லாபத்தைவிடக் குறைவு.

டேப் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 40 என்பதற்கு ஒரே பொருள் கிடையாது. சில தயாரிப்பாளர்களுக்கு அது துணியின் மார்புச் சுற்றளவு. வேறு சிலருக்கு அதை உடுத்தும் உடம்பின் சுற்றளவு. துணி அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கும். உடம்பு 38 உள்ள பெண்ணுக்கு, முதல் வகையில் 38 எடுத்தால் மூச்சு முட்டும். இரண்டாம் வகையில் 38-தான் சரி. எம், எல், எக்ஸெல் எழுத்துகள் இன்னும் மோசம். ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு எக்ஸெல் டாப்ஸை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ஃப்ரீ சைஸ் என்று எழுதி விற்கும் ஜாக்கெட்டும் பாவாடையும் யாருடைய சைஸ் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

இதில் உங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. இந்தியப் பெண்ணின் உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை நெடுங்காலம் இல்லாமலே ஆயத்த ஆடைத் தொழில் நடந்தது. அமெரிக்க, ஐரோப்பிய அளவுகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெட்டினார்கள். அந்தக் குறையைப் போக்கத்தான் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்ற ஆய்வைக் கையில் எடுத்தது. 15 வயது முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது திட்டம். பாதிப் பேர் பெண்கள். அறிவிக்கப்பட்ட ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை அதில் இல்லை. திருப்பூரும் ஈரோடும் நாட்டுக்கே துணி தைத்துக் கொடுக்கும் மாநிலத்தின் தலைநகர் விடுபட்டிருப்பது மனத்தை உறுத்துகிறது. அது நிஃப்டிடம் கேட்க வேண்டிய கேள்வி.

உங்களிடம் கேட்க வேண்டியது சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பதைத்தான். பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2022-ல் ஒரு திருத்தம் வந்தது. பொட்டலம் கட்டாமல் தொங்கவிட்டு விற்கும் ஆயத்த ஆடைகளுக்குப் பல அறிவிப்புகளிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டு, சிலவற்றை மட்டும் கட்டாயமாக்கினார்கள். தயாரிப்பாளர் விவரம், புகாருக்கான தொடர்பு, அதிகபட்ச விலை, அளவு. அந்த அளவு எழுத்தில் மட்டும் இருந்தால் போதாது. சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ எண்ணாகவும் இருக்க வேண்டும். மொத்தக் கொள்முதலில் மூட்டை பிரிக்கும்போது இந்தச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்பியவரிடம் கேளுங்கள். உங்கள் குரலுக்கு அவர் செவிசாய்ப்பார். செங்கல்பட்டு வண்டிக்கு ஓடும் பெண்ணுக்கு அவரைத் தெரியாது.

அடுத்தது வெளிச்சம். ஜாக்கெட் பிட்டுக்கு மேட்சிங் பார்க்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். புடவைத் தலைப்பின் ஓரத்தையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அதைச் சலிப்போடு பார்க்க வேண்டாம். அவர்கள் செய்வது மிகச் சரியான சோதனை. இரண்டு வேறு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தோன்றலாம், வெயிலில் பிரிந்துவிடும். ஒளியில் உள்ள எந்த நிறக் கதிரைச் சாயம் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது அது. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் சிவப்புக் கதிர் குறைவு. அதனால் மெரூன் பழுப்பாகும், அரக்கு செத்துப்போய்த் தெரியும். மாலை ஏழு மணிக்கு வருகிறவருக்கு வாசலிலும் வெயில் கிடையாது. விளக்கு வாங்கும்போது நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு மதிப்பு 100. 90-க்கு மேல் உள்ள ஒரே ஒரு விளக்கைக் கண்ணாடிக்கு மேலே மாட்டினால் போதும். கடை முழுக்க மாற்ற வேண்டியதில்லை.

துணி என்ன துணி என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ரேயானைக் காட்டன் என்று சொல்லி விற்பது இன்று சகஜமாகிவிட்டது. ரேயான் நல்ல துணிதான். மெத்தென்றிருக்கும், சென்னை வெயிலுக்கு ஒத்துவரும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், முதல் சலவையிலேயே சுருங்கும். அது தெரிந்தால் வாங்குகிறவர் ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பார், முறுக்கிப் பிழியமாட்டார். பாலியெஸ்டர் கலந்த நைட்டியைச் சுத்தக் காட்டன் என்று கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அடுப்படியில் தீக்குப் பக்கத்தில் நின்று உடுத்தப் போகிற துணி அது. பஞ்சு நூல் எரிந்தால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டிப்படும். உடம்பில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்துவிடலாம். கடையில் அது முடியாது. கடையில் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். கைக்குட்டையை ஈரமாக்கித் துணியின் உள்மடிப்பில் தேய்த்துப் பார்ப்பார். சாயம் ஒட்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும். தடுக்காதீர்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. ரயிலடிக் கடைகளில் உள்ளாடை வாங்கும் பெண்கள் படும் பாடு. கல்லாவில் ஆண், துணி எடுத்துக் கொடுப்பவர் ஆண், பக்கத்தில் தோளை இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம். "முப்பத்து நாலா, முப்பத்தாறாம்மா?" என்று மேலே பரண் மீது நிற்கும் பையனுக்குக் கேட்கும்படி ஒரு கூவல். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி, வந்ததை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விடுவார். அந்த எண் சரியா என்று அவருக்கே தெரியாது; யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எண் மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவைச் சார்ந்தது. பக்கத்திலுள்ள ஏ, பி, சி எழுத்து மார்பின் சுற்றளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிப்பது. எழுத்து தெரியாமல் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பட்டை தளர்ந்து, பாரமெல்லாம் தோள் நாடாவில் விழும். தோளில் பள்ளம் விழுந்த பெண்கள் எத்தனை பேர்! ஒரு மூலையில் திரை போட்டு, அந்தப் பகுதியை ஒரு பெண்ணிடம் விட்டு, அளக்கும் முறையைப் படம் போட்டு ஒட்டி வைத்தால் இந்த வேதனை தீரும். கூவுவதை இன்றைக்கே நிறுத்திவிடலாம், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

திரும்ப அந்தப் போர்டுக்கு வருவோம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." நீங்கள் ஏன் அதை மாட்டினீர்கள் என்று தெரியாமல் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு, வியர்வைக் கறையோடு கொண்டுவந்து அளவு சேரவில்லை என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை கழுத்தை நெரிக்கும் தெருவில் அந்த நஷ்டத்தை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். ஆனால் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு செயல்களை முறையற்ற வணிகம் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. ஒன்று, பில் கொடுக்காமல் விற்பது. மற்றொன்று, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது. பில்லில் கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள் கணக்கு. நிறம் பிடிக்கவில்லை, வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு கையே இல்லாத டாப்ஸ் குறையுள்ள பொருள்தான். 40 என்று எழுதி 37 கொடுத்ததும் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்தப் பெண் போன் செய்திருந்தால், அடுத்த கேள்வி பில் எங்கே என்பதாக இருந்திருக்கும். அதுதான் அவரிடம் இல்லையே. கடைப் பெயரும் தேதியும் துணியின் அளவும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு போதும், பொய் சொல்லித் திருப்ப வருகிறவரிடமிருந்து உங்களையும் அதுதான் காப்பாற்றும்.

வண்டிக்குள்ளேயே கிளிப்பும் கைக்குட்டையும் விற்றுக்கொண்டு போகும் பெண்களும், கோல் தட்டி நடக்கும் பார்வையற்றவர்களும் இந்த மடலில் அடங்கமாட்டார்கள். அனுமதியில்லாமல் ரயிலில் விற்பதை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவு குற்றமாக்கி வைத்திருக்கிறது. அந்தப் பயத்தோடு பிழைப்பவர்களிடம் பில் கேட்பது முறையாகாது.

சென்ட்ரலில் 2022-ல் வந்த 'ஒரு நிலையம் ஒரு பொருள்' கடையின் கதை வேறு. மத்திய பட்ஜெட்டில் அறிவித்த திட்டம். உள்ளூர் நெசவும் கைவினையும் பிளாட்பாரத்திலேயே பயணிக்குக் கிடைக்கட்டும் என்று தொடங்கியது. சென்ட்ரலுக்குக் காஞ்சிபுரம் பட்டு வாய்த்தது. வெளியூர் வண்டிக்குக் காத்திருக்கும் பெண் அங்கே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பட்டு வாங்கினால், இரவோடு இரவாக மாநிலம் தாண்டிவிடுவார். அவர் கேட்கும் முன்பே, அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டை விரித்துக் காட்டி, ஜரிகை எந்த வகை என்று பில்லில் எழுதிக் கொடுப்பது அந்தக் கடையில் இருப்பவர்களின் கடமை.

கடைசியாக, துணி எடுத்துக் காட்டும் தங்கைகளைப் பற்றி அண்ணாச்சிமார்களிடம் ஒரு வார்த்தை. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்துக்குப் பிறகு, ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நிற்கும் கால்களைத் தமிழ்நாடே பார்த்தது. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார வழி செய்து கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. எத்தனை ரயிலடிக் கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது? காலையிலிருந்து நின்ற பெண் மாலை ஏழு மணிக்கு, நாற்பதாவது ஆளிடம், டேப் எடுத்து அளந்து காட்டிக்கொண்டிருக்க மாட்டார். "கரெக்டா இருக்கும்க்கா" என்ற சொல் பாதி அசதியிலிருந்தும் வருகிறது. ஆள் இல்லாத ஐந்து நிமிடம் அவர் உட்கார்ந்து எழுந்தால் அந்த வார்த்தைக்குப் பதில் டேப் வரும்.

அந்த மெரூன் டாப்ஸைக் கூடுவாஞ்சேரியில் தெருமுனைத் தையற்கடைக்காரர் இரண்டு பக்கமும் பிரித்துப் பார்த்தார். உள்ளே கால் அங்குலம்கூடத் துணி விட்டிருக்கவில்லை. கடைசியில் அது அக்கா மகளுக்குப் போயிற்று, கையில்லாமலே. அந்தப் பெண் இப்போதும் அதே வழியாகத்தான் ஸ்டேஷனுக்கு நடக்கிறார். கக்கத்தில் விட்ட டாப்ஸ் இரண்டையும் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்; தீபாவளிக்குள் புதிதாக ஒன்று எடுத்தாக வேண்டும். நாளை ஆறே முக்காலுக்கு உங்கள் வாசலைக் கடக்கும்போது, டேப் அவர் கண்ணில் படும் இடத்தில் தொங்கட்டும்.